பார்டிஷன் சுவர்

எங்கள் சந்தில் இப்போது எல்லோரும் இன்ஜினீயர்கள். இஸ்திரிக் கடைக்காரர் முதல் வடாபாவ் வண்டிக்காரர் வரை, யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரை முட்டியால் தட்டிப் பார்க்கிறார்கள். தட்டிவிட்டு, "இது லோட் பேரிங்கா, ஆர்சிசியா?" என்று கேட்கிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன ஜூன் மாதம் வரைக்கும், பாரம் சுமக்கிற சுவர், சும்மா நிற்கிற சுவர் என்று சுவரில் இரண்டு ஜாதி உண்டென்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சந்தின் கடைசி வீட்டில் இன்றைக்கும் மேலேயும் கீழேயும் விளக்கு எரியும். அண்ணனும் தம்பியும் இன்றைக்கும் அடித்துக்கொண்டிருப்பார்கள். நாங்களும் விலக்கிவிடப் போய் அடி வாங்கிக்கொண்டிருப்போம்.

அந்த வீட்டைக் கட்டியவர் சாலமோன். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து புனேயில் உள்ள கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். பக்கத்தில் போபோடியில் இடம் வாங்கி, கருங்கல் அஸ்திவாரம் போட்டு, செங்கல் சுவர் எழுப்பி, மேலே இரும்பு கர்டர் வைத்து, கர்டருக்கு மேல் ஷாஹாபாத் கல் பாவி வீட்டை முடித்தார். உள்ளே தூண் என்று ஒன்று கிடையாது. பாரம் முழுக்கச் சுவரின் தலையில்தான். அந்த மாதிரி வீட்டில் மனுஷன் ஆசைப்பட்டபடி அறை வைக்க முடியாது. கர்டர் பத்தடி என்றால் அறையும் பத்தடி. நடுவில் ஒரு தடித்த சுவர். இரண்டு பக்கத்துக் கர்டர்களும் அதன் மேல் வந்து உட்காரும். மாடியிலும் அதே இடத்தில்தான் சுவர் வைத்தாக வேண்டும், சுவர் மேல் சுவராக. அகலமாக ஜன்னல் வைத்தால் சுவர் பலம் போய்விடும் என்று எல்லா ஜன்னலும் ஒடுக்கம். மாடிப்படிக்காகத் தளத்தை வெட்டுவது பெரும்பாடு என்று படியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார். முகப்பில் மட்டும் அழகுக்கு இரண்டு உருண்டைத் தூண்கள் நிறுத்தினார். அவை தாங்கியது வராந்தாவின் தகரக் கூரையை மட்டும். இதையெல்லாம் இன்றைக்குக் கடகடவென்று சொல்கிறேன். அன்றைக்கு என் கண்ணுக்கு அது ரயில் பெட்டி மாதிரி ஒரு வீடு, அவ்வளவுதான்.

சாலமோனுக்கு இரண்டு பையன்கள். மூத்தவர் எட்மண்ட், அப்பா பார்த்த அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளையவன் டெக்ஸ்டர், தளேகாவில் ஒரு கம்பெனியில் வேலை, தினமும் லோக்கல் ரயிலில் போய் வருவான். இரண்டு பேருக்கும் வாயைவிடக் கை முந்தும். அப்பா கண்ணை மூடின வருஷமே பாகப்பிரிவினை வந்தது. அது பேசித் தீர்ந்த காரியமில்லை. எட்மண்டின் இடது கைச் சுண்டுவிரல் அதற்கப்புறம் நேராக நிற்கவில்லை. டெக்ஸ்டரின் புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு விழுந்தது. கடைசியில் சர்ச்சிலிருந்து பாஸ்டர் வந்து இரண்டு பேரையும் இழுத்து உட்காரவைத்தபோது, எட்மண்ட் ஒரு கரித்துண்டை எடுத்து நடுச்சுவரில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"ஏல, இதான் பார்டிஷன். இங்கிட்டு நான், அங்கிட்டு நீ. தாண்டுன, கால வெட்டிப்புடுவேன்."

அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு அதுதான் பெயர். பிற்பாடு டெக்ஸ்டருக்குக் கல்யாணமாகி இடம் போதாமல் போனபோது, எட்மண்ட் மாடி முழுவதையும் எடுத்துக்கொண்டு கீழ் வீடு முழுவதையும் தம்பிக்கு விட்டார். அதற்கும் ஒரு கைகலப்பு நடந்தது, பத்திரமும் பதிவாயிற்று. கரிக்கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். பெயர் மட்டும் போகவில்லை. "பார்டிஷன் பக்கமா கட்டிலப் போடு" என்பார்கள், "பார்டிஷன்ல ஆணி அடிக்காத" என்பார்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன்கூட, "பார்டிஷன் கே உதர் ரக்கூம் க்யா?" என்று, அந்தப் பக்கம் வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் இறக்கி வைப்பான்.

மாடியில் எட்மண்டும் அவர் மனைவி டோரீனும் மட்டும். பிள்ளைகள் இல்லை. டோரீன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். முந்தைய வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு கிடந்தார். அந்த அறையில் மற்ற சுவர்களையெல்லாம் கதவும் ஜன்னலும் பிடித்துக்கொண்டதால் கட்டில் நடுச்சுவரை ஒட்டித்தான் கிடந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு மூங்கில் கம்பு. கீழே டெக்ஸ்டர் டிவியை அலறவிட்டால், டோரீன் அந்தக் கம்பால் தரையில் இடிப்பார். பதிலுக்கு டெக்ஸ்டர் துடைப்பக் கட்டையால் பார்டிஷன் சுவரில் இடிப்பான். இவர் ஒன்று இடித்தால் அவன் இரண்டு. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அண்ணன் தம்பிகள் வாய்விட்டுப் பேசுவதென்றால் அது அடிதடி அன்றைக்கு மட்டும்.

பெண்கள் இதில் சேரவில்லை. டெக்ஸ்டரின் மனைவி ஃபேபியோலா பாங்டா மீன் வாங்கினால், தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, ஒரு கிண்ணம் மூடி எடுத்துக்கொண்டு வெளிப்படியில் ஏறிவிடுவாள். டோரீன் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, "புளி கொஞ்சம் தூக்கலாயிட்டுட்டி" என்று ஒரு குற்றம் சொல்லாமல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

இந்த ஃபேபியோலாவுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு ஹால். டெக்ஸ்டரோடு வேலை பார்க்கும் ஒருத்தர் தளேகாவில் ஃப்ளாட் வாங்கியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்குப் போனவள், அந்த ஹாலின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்திருக்கிறாள். ஒரு கோடியில் அடுப்படி, மறு கோடியில் பால்கனி, நடுவில் தடுப்பென்று ஒன்றும் இல்லை. சுவர் முழுக்க ஜன்னல். அங்கேயே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இருபது வருசமா நான் ஒரு டப்பாவுக்குள்ள இருந்து இன்னொரு டப்பாவுக்குள்ள நடந்துட்டு இருக்கேன்" என்று எதிரே என் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். அந்த ஃப்ளாட்டில் பாரத்தைச் சுமப்பது தூணும் பீமும். சுவர் சும்மா நிற்கிறது. அதனால்தான் அவ்வளவு பெரிய ஜன்னல் வைக்க முடிந்தது, அவ்வளவு பெரிய ஹால் கிடைத்தது. இது அவளுக்குத் தெரியாது. ஆசைப்பட்டதில் எந்தத் தப்பும் இல்லை. அவளைக் குறை சொல்கிறவர்களோடு நான் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

ஃபேபியோலா ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு டீச்சரின் மகள் ஸ்ரீரஞ்சனி ஆர்க்கிடெக்ட், சாங்வியில் இருந்தாள். புனேயில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். ஃபேபியோலா என் வீட்டில் உட்கார்ந்துதான் அவளுக்கு ஃபோன் போட்டாள், ஸ்பீக்கரில்.

"ஆன்ட்டி, அந்த மிடில் வால்... அது என்ன வால்?"

"வாலா?" என்று எனக்குக் கண் சிமிட்டிச் சிரித்தாள் ஃபேபியோலா. "நடுச்சுவரக் கேக்கியா? அது பார்டிஷன் சுவரும்மா."

"ஓ, பார்டிஷன்தானா. தென் நோ ப்ராப்ளம். காலம் இருக்கா ஆன்ட்டி? தூண்?"

"இருக்கே. முன்னால ரெண்டு, நல்லா உருண்டையா."

"அப்போ ஃப்ரேம் ஸ்ட்ரக்சர்தான். எடுத்துடலாம். ஆனா நான் ஒருவாட்டி வந்து பாத்துடறேன். அப்பறமா ஸ்டார்ட் பண்ணுங்கோ."

கட்டடம் கட்டுகிறவர்கள் பேச்சில் பார்டிஷன் சுவர் என்றால், எதையும் தாங்காமல் இடத்தைப் பிரிக்க மட்டும் நிற்கிற சுவர். உடைத்தால் குப்பை அள்ள வேண்டும், வேறொன்றும் ஆகாது. சாலமோன் வீட்டில் பார்டிஷன் என்றால் அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொண்ட இடம். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது, ஃபோனை வைத்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீரஞ்சனி வருகிறவரை டெக்ஸ்டர் காத்திருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டால் இடிபாடு அள்ள வண்டி சந்துக்குள் வராது என்றான். தத்தா என்கிற மிஸ்திரியைக் கூப்பிட்டு வந்தான். கீழ் வீட்டுக் கூரையில் முன்பே பிஓபி பொய்க்கூரை போட்டு மறைத்திருந்ததால் கர்டர்கள் கண்ணுக்குத் தெரியாது. தத்தா சுவரைத் தட்டினார், கதவு நிலைப் பக்கம் கையை வைத்துத் தடிமனை அளந்தார்.

"எவடீ ஜாட் பார்டிஷன்?" என்றார். இவ்வளவு தடியாக ஒரு பார்டிஷனா என்று அவருக்குச் சந்தேகம்.

"தோ பாயீ கா பார்டிஷன் ஹை தாதா, மோட்டா தோ ஹோகாஹீ" என்றான் டெக்ஸ்டர். இரண்டு அண்ணன் தம்பிக்கு நடுவில் உள்ள பார்டிஷன், தடியாகத்தான் இருக்கும். தத்தா சிரித்தார், அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சந்தேகமும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. வானம் மூடிக் கிடந்தது. முளா ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடை. தத்தாவின் ஆள் சம்மட்டியை ஓங்கி முதல் அடி போட்டதும் மேலே டோரீனின் தலைமாட்டிலிருந்து தண்ணீர்ச் செம்பு உருண்டு விழுந்தது. எட்மண்ட் பனியனோடு வெளிப்படியில் இறங்கி வந்தார்.

"ஏல, யாரு சுவர யாரு இடிக்கது?"

"என் வீட்டுச் சுவர நான் இடிக்கேன். ஒமக்கு என்ன வந்துச்சு?"

"அது பார்டிஷன்ல. அதுல பாதி எனக்கு. சுவரோட பாதித் தடிமன் என் பாகம்."

"பத்திரத்துல கீழ் வீடு பூரா எனக்கு. எழுத்துக் கூட்டியாவது படிக்கத் தெரியுமா ஒமக்கு?"

"அப்பா செத்த வருசம் நான் இழுத்த கோடுல அது! அதத் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்."

"ஒம்ம வெரல ஒடிச்சவனே நான்தான். மறந்துபோச்சா?"

அவ்வளவுதான் பேச்சு. எட்மண்ட் சுவரில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை எடுத்து வீசினார். தலைக்கு வைத்த குறி, டெக்ஸ்டர் குனிந்ததால் தோளில் பட்டது. எலும்பில் இரும்பு மோதுகிற சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. டெக்ஸ்டர் ஊளையிட்டுக்கொண்டே அண்ணனின் பனியனைக் கொத்தாகப் பிடித்து, அவர் நெற்றியைக் கதவு நிலையில் இரண்டு முறை மோதினான். ரத்தம் மூக்கு வழியாக இறங்கி வாய்க்குள் போயிற்று. அந்த வாயால் எட்மண்ட் தம்பியின் முன்கையைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. உரிந்து வந்த தோல் பல்லில் தொங்கியது. இரண்டு கிழட்டு ஆம்பிளைகள், செங்கல் தூளில் புரண்டு, ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் நெரித்துக்கொண்டிருந்தார்கள். விலக்கப் போன எனக்கு மூக்கில் ஒரு முழங்கை விழுந்தது. யாருடையது என்று இன்றைக்கு வரை தெரியாது. ஃபேபியோலா ஒரு வாளித் தண்ணீரை இரண்டு பேர் மேலும் கொட்டினாள்.

"நாய்களா! மேல மனுசி கெடக்கா, சத்தத்துல நெஞ்சு வெடிச்சுச் சாவட்டும்னு நெனச்சியளா?"

இரண்டு பேரையும் போலீஸ் சௌகிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஹவல்தார் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "பிந்த் கோணாசி?" என்று கேட்டார். சுவர் யாருடையது? டெக்ஸ்டர் பத்திரத்தின் நகலைக் காட்டினான். கீழ் வீடு முழுக்க அவனுக்கு. ஹவல்தார் அதைப் பார்த்துவிட்டு, எட்மண்டிடம், ஆட்சேபம் இருந்தால் கோர்ட்டுக்குப் போங்கள், தம்பி வீட்டுக்குள் போய்க் கடப்பாரை வீசினால் உள்ளே வைப்பேன் என்றார். யாருடைய சுவர் என்றுதான் அவரும் கேட்டார். நாங்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டோம். அது என்ன வேலை செய்கிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எட்மண்டின் நெற்றிக்குத் தையல் போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டேன். படி ஏறும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் சாவணும்" என்றார். "அந்தச் சுவரு அவன் மேலயே விழுந்து சாவணும்."

மத்தியானத்துக்கு மேல் மழை தொடங்கியது. கீழே இடிப்பும் மறுபடி தொடங்கியது. தத்தாவும் ஆட்களும் ஒரு கோடியிலிருந்து சுவரைத் தின்றுகொண்டே போனார்கள். டெக்ஸ்டர் ஒரு தோளில் ஐஸ் கட்டி வைத்த துண்டைக் கட்டிக்கொண்டு, முன்கையில் பல் தடத்தோடு, "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டினான். அவனுக்கு அப்போது ஹால் முக்கியமில்லை. அண்ணன் கேட்கும்படி அந்தச் சுவர் விழ வேண்டும்.

ஃபேபியோலா மீன் குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். அன்றைய ரத்தத்துக்கு அவள் கேட்கக்கூடிய மன்னிப்பு அதுதான். எட்மண்ட் அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒரு வா சாப்பிடுங்க."

"கெடக்கட்டும்ட்டி. அந்தக் கதவச் சாத்து, சாரல் அடிக்கு."

ஃபேபியோலா கதவைத் தள்ளினாள். பாதியில் நின்றது. காலையில் நன்றாகச் சாத்திய கதவு. தோளால் முட்டினாள், அசையவில்லை.

"மழைக்கு உப்பிட்டு போல."

"மழைக்கு உப்புற கதவு ஒரே நாள்லயா உப்பும்? இங்கேரு, என் பக்கத்துல பாரு."

கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு கோடு விழுந்திருந்தது. கீழே தரையிலிருந்து மேலே சாய்வாக ஏறியது. ஃபேபியோலா அதில் விரல் நகத்தை வைத்தாள். நகம் உள்ளே போயிற்று.

"அத்தான், இதப் பாருங்க."

எட்மண்ட் திரும்பிப் பார்த்தார். "என் சுவரையும் ஒடைக்கான். மாடியும் அவனுக்கு வேணுமாம். ஒடைக்கட்டும். கோர்ட்டுல பாத்துக்கிடுதேன்."

ஃபேபியோலா கிண்ணத்தை வைத்துவிட்டுக் கீழே ஓடி வந்தாள். சுவரில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. பிஓபி ஓரிடத்தில் பெயர்ந்து தொங்க, உள்ளே துருப்பிடித்த கர்டரின் நுனி தெரிந்தது. அது மிச்சமிருந்த செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஃபோனை எடுத்துப் படம் பிடித்து ஸ்ரீரஞ்சனிக்கு அனுப்பிவிட்டு, வராந்தாவுக்கு வந்தாள். நான் குடையோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

மேலே டோரீன் கம்பை எடுத்தார். இடித்தார். நிறுத்தாமல் இடித்தார். அது டிவிக்காக இடிக்கிற இடி இல்லை, கத்துகிற இடி. ஆனால் கம்புக்கு ஒரே குரல்தானே இருக்கிறது. கீழே டெக்ஸ்டருக்கு அது எப்போதும் கேட்கிற அதே இடிதான்.

"இடிக்கியளா? இடிங்க! இடிங்க! நானும் இடிக்கேன்!"

தத்தாவின் ஆளிடமிருந்து சம்மட்டியைப் பிடுங்கினான். அடிபட்ட தோளோடு ஓங்கி அடித்தான். மேலே ஒரு இடி, கீழே இரண்டு. மேலே ஒன்று, கீழே இரண்டு. பல வருஷமாக அந்த வீட்டில் நடக்கிற கணக்கு. ஒவ்வொரு அடிக்கும் செங்கற்கள் கும்பலாகச் சரிந்தன.

ஃபேபியோலாவின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது, அந்தப் பெண் அப்படிக் கத்தினாள்.

"ஆன்ட்டி, நிறுத்தச் சொல்லுங்கோ! அது பார்டிஷன் இல்ல! கர்டர் அந்தச் சுவர் மேலதான் உக்காந்திருக்கு, வீடே அது மேலதான் நிக்கறது! எல்லாரும் வெளில வாங்கோ! மேல யாராவது இருக்காளா?"

ஃபேபியோலா உள்ளே ஓடினாள். "நிறுத்துங்க! வீடு அது மேலதான் நிக்குதாம்! நிறுத்துங்க, ஏசுவே!"

டெக்ஸ்டர் ஓங்கிய சம்மட்டியோடு நின்றான். சம்மட்டிச் சத்தம் நின்ற பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது. இரும்பு முனகுகிற சத்தம். தத்தா அண்ணாந்து பார்த்தார். கர்டர் நுனியின் அடியில் செங்கல் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது, மாவு சலிக்கிற மாதிரி.

"பளா! பளா!" ஓடுங்கள், ஓடுங்கள் என்று தத்தா கத்திக்கொண்டே ஃபேபியோலாவையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். ஆட்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வாசல் டெக்ஸ்டருக்கும் நாலு எட்டில்தான் இருந்தது. அவனும் ஓடியிருக்கலாம். ஓடுவதற்குத் திரும்பினான், நான் பார்த்தேன். மேலே கம்பு இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. அவன் நின்றான். மூலையில் தத்தா சாத்தி வைத்திருந்த சவுக்கு முட்டுக்கொம்பை எடுத்துக் கர்டருக்கு அடியில் கொடுத்து, கீழ் நுனியைக் காலால் அடைத்து, நல்ல தோளை அதில் கொடுத்து முட்டினான்.

"அண்ணே!" என்று கத்தினான். "அண்ணே! மயினியத் தூக்கிட்டு எறங்கு! வீடு விழப்போவுது! அண்ணே!"

பல வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் அந்த வார்த்தை கேட்டது. எட்மண்ட் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு கணம் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு உள்ளே மறைந்தார். நான் குடையைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். கதவு பாதியில் இறுகியிருந்தது. இடுக்கு வழியாக டோரீனைப் போர்வையோடு சுருட்டி வெளியே இழுத்தோம். நிலையில் இடித்து அவர் முழங்கை கிழிந்தது, வலியில் அலறினார். எட்மண்ட் அவரைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே இருக்கிற படியாக இருந்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே சமாதி. சாலமோன் தளத்தை வெட்டப் பயந்து வெளியே வைத்த படி, மழையில் வழுக்க வழுக்க எங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது.

"ஏல டெக்ஸ்டர்! எறங்கியாச்சுல! வெளிய வா! வெளிய வால!"

டெக்ஸ்டர் திரும்பி வாசலைப் பார்த்தான். முகத்தில் பாதி தூசி, பாதி ரத்தம். கொம்பை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்திருப்பான் போல. கொம்பு நடுவில் ஒடிந்தது. முதலில் பிஓபி கொட்டியது, அப்புறம் கல், அப்புறம் மாடிச்சுவர் முழுசாக இறங்கியது. இரண்டு பக்கத்துக் கர்டர்களும் நடுவில் மூக்குக் குத்தின. டோரீனின் கட்டில் கால் மேலே தெரிய ஒரு கணம் நின்று, உள்ளே போயிற்று. தூசி எங்கள் மேல் வந்து மோதியது. மழையில் அந்தத் தூசி உடனே சேறானது. மனுஷச் சத்தம் உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

எட்மண்ட் டோரீனை என் கையில் தள்ளிவிட்டு அந்தக் குவியலில் பாய்ந்தார். கையால் கல்லைப் புரட்டினார். தையல் பிரிந்து மறுபடி ரத்தம் கொட்டியது. நகங்கள் போயின. "எந்திரில! எந்திரில நாயே!" என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டு, தம்பியை அடிப்பது போலவே அந்தச் செங்கலை அடித்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து அவரை நாலு பேராகப் பிடித்து இழுத்தார்கள். இருட்டுகிற நேரத்தில் டெக்ஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். முகத்தைத் துணியால் மூடித்தான் கொண்டுவந்தார்கள். ஒடிந்த கொம்பு அவன் அக்குளிலேயே இருந்தது.

கல்லறையில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. அந்த ஈரத்தில் அடக்கம் முடித்தோம். எல்லோரும் என் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். எதிரே வீடிருந்த இடத்தில் இரண்டு உருண்டைத் தூண்களும், மேலே ஏறி ஒன்றுமில்லாத இடத்தில் முடிகிற படியும் மட்டும் நின்றன. ஸ்ரீரஞ்சனி அம்மாவோடு வந்தாள். சின்னப் பெண். அழுது முகம் வீங்கியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆன்ட்டி, நான் வந்து பாக்கறேன்னேனே. நீங்க பார்டிஷன்னு சொன்னேளே."

"ஆமாம்மா. சொன்னேன்." ஃபேபியோலாவின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். அது அதுக்குப் பேரு. எங்க அத்தான் வச்ச பேரு."

சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பினாள். எட்மண்ட் மூலையில் கைகளில் கட்டுப் போட்டு நின்றிருந்தார். அவள் எழுந்து அவரிடம் போனாள். போன வேகத்தில் அவர் நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள். இரண்டு கையாலும் மாறி மாறிக் குத்தினாள்.

"என் சுவரு, என் சுவருன்னு தொண்ட கிழியக் கத்துனியளே! பாதி என் பாகம்னு கத்துனியளே! அது மேலதான்டா உன் மயினி படுத்திருக்கான்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? அத இடிச்சா நாம எல்லாரும் செத்துருவோம்னு சொல்லப்பிடாதா? அதச் சொல்லியிருந்தா அவிய கேட்டிருப்பாவளே அத்தான்! ஏன் சொல்லல? ஏன் சொல்லல?"

எட்மண்ட் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்து, அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டு நடை பழகின மனுஷர், ஒவ்வொரு குத்துக்கும் பின்னாலிருந்த சுவரில் முதுகு மோத, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "சத்தியமாத் தெரியாது. நான் என் பாகம்னுதான் நெனச்சேன்."

அவள் குத்துவதை நிறுத்தவில்லை. நாங்கள் யாரும் விலக்கப் போகவில்லை.